எச்பிவி பாசிட்டிவ் என்றால் புற்றுநோயா? அந்த ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி

பெண்களுக்கான மாஸ்டர் செக்கப் பட்டியலில் இப்போதெல்லாம் எச்பிவி டெஸ்ட்டும் இடம்பிடித்துவிட்டது. சர்க்கரை, தைராய்டு, ஸ்கேன் எல்லாம் நார்மல் என்று புரட்டிக்கொண்டே வந்தால் கடைசிப் பக்கத்தில் 'ஹை ரிஸ்க் எச்பிவி: டிடெக்டட்' என்று ஒரு வரி நிற்கும். உடனே போனை எடுத்துத் தேடினால் கண்ணில் படுவது வைரஸ், உடலுறவு, புற்றுநோய் என்ற மூன்று சொற்கள். மூன்றுமே உண்மைதான். ஆனால் அவற்றைச் சேர்த்து அந்த ராத்திரியில் ஒருவர் மனதுக்குள் போடும் கணக்கு பெரும்பாலும் தப்பு.

நெகட்டிவ் வந்தவர்களுக்கும் குழப்பம் உண்டு. வருடா வருடம் எடுக்க வேண்டுமா, பாப் ஸ்மியர் தனியாக வேண்டுமா, தடுப்பூசி போட்ட பெண்ணுக்கு எதற்கு டெஸ்ட் என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். எல்லாக் குழப்பத்துக்கும் வேர் ஒன்றுதான்: இந்த டெஸ்ட் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தேடுவதில்லை, அதை உண்டாக்கக்கூடிய வைரஸைத் தேடுகிறது. நோய்க்கும் காரணத்துக்கும் நடுவே பத்து, பதினைந்து, சில சமயம் இருபது வருடம் இருக்கிறது.

வைரஸ் வந்து என்ன செய்கிறது

எச்பிவி என்பது ஹியூமன் பாப்பிலோமா வைரஸின் சுருக்கம். எச்ஐவிக்கும் இதற்கும் பெயரில் இரண்டு எழுத்து ஒத்துப்போவதைத் தவிர வேறு உறவு கிடையாது (இந்தப் பெயர்க் குழப்பத்தாலேயே ரிப்போர்ட்டை வீட்டில் காட்டப் பயப்படுகிறவர்கள் உண்டு). இதில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. கை கால்களில் வரும் சாதாரண மரு சில வகைகளால் வருகிறது. பிறப்புறுப்பில் மரு வருவதற்கு 6, 11 என்ற எண் கொண்ட வகைகள் காரணம், அவை புற்றுநோய் பக்கம் போவதில்லை. ஏறக்குறைய 14 வகைகளைத்தான் 'ஹை ரிஸ்க்' என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அவற்றிலும் 16, 18 என்ற இரண்டு மட்டுமே உலகின் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதத்துக்குப் பொறுப்பு.

இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்தவர் ஜெர்மானிய மருத்துவர் ஹரால்ட் சூர் ஹவுசன். 1983இல் 16ஆம் வகையையும், அடுத்த வருடம் 18ஐயும் புற்றுநோய்த் திசுக்களிலிருந்து பிரித்துக் காட்டினார். அதுவரை பெரும்பாலான ஆய்வாளர்கள் ஹெர்பிஸ் வைரஸைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வைரஸ் உடலுக்குள் வந்ததிலிருந்து புற்றுநோய் வரைக்கும் நடக்கிற வரிசை இது:

1. தொற்று. பாலுறவு வழியாக, தோலோடு தோல் உரசுவதால் வருகிறது. ஆணுறை அபாயத்தைக் குறைக்கும், முழுசாகத் தடுக்காது. பாலுறவு வாழ்க்கை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு, ஆணோ பெண்ணோ, வாழ்நாளில் ஒரு முறையாவது வந்து போகிறது. காய்ச்சலோ வலியோ இருக்காது, வந்ததும் தெரியாது போனதும் தெரியாது.

2. விலகல், அல்லது தங்கிவிடுதல். பெரும்பாலான தொற்றுகளை ஓரிரு வருடத்தில் உடலின் எதிர்ப்புச் சக்தியே துடைத்துவிடுகிறது. ஒரு சிறு பங்கு பெண்களிடம் மட்டும் ஹை ரிஸ்க் வகை தங்கிவிடுகிறது. அந்தச் சிறு பங்கைக் கண்டுபிடிப்பதற்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

3. செல் மாற்றம். கர்ப்பப்பை வாயில் இரண்டு வித செல்கள் சந்திக்கிற ஒரு வளையப் பகுதி உண்டு. அங்கே தங்கும் வைரஸ் இ6, இ7 என்ற இரண்டு புரதங்களைத் தயாரிக்கிறது. செல் கண்டபடி பெருகாமல் இழுத்துப் பிடிக்கிற நம் உடலின் காவல் புரதங்கள் இரண்டை அவை முடக்கிப் போடுகின்றன. இப்படி மாறிய செல்களைத்தான் ரிப்போர்ட்டில் சிஐஎன் 1, 2, 3 என்று படிநிலையாக எழுதுகிறார்கள். சிஐஎன் 1 பெரும்பாலும் தானே சரியாகிவிடும். 2, 3 இருந்தால் சிகிச்சை பற்றி யோசிக்க வேண்டும். ஆனால் மூன்றுமே இன்னும் புற்றுநோய் இல்லை.

4. புற்றுநோய். மாறிய செல்கள் மேல் படலத்தைத் தாண்டி உள்ளே இறங்கும்போதுதான் அந்தப் பெயர். எதிர்ப்புச் சக்தி நன்றாக உள்ள பெண்ணுக்கு இந்தப் பயணம் முழுதும் 15 முதல் 20 வருடம் எடுக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எச்ஐவி தொற்றுக்குச் சிகிச்சை பெறாதவர்கள் போல எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 வருடமே போதும்.

அதனால்தான் 'இந்த வைரஸ் எனக்கு எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது' என்ற கேள்விக்கு ரிப்போர்ட்டில் பதில் கிடையாது. திருமணமான புதிதில் வந்து அடங்கிக் கிடந்தது நாற்பத்தைந்து வயதில் தலைகாட்டலாம். கணவர் மேலோ மனைவி மேலோ சந்தேகப்பட இந்தத் தாள் சாட்சியாகாது. ஆண்களுக்கு இதே போல எடுக்க அங்கீகரிக்கப்பட்ட வழக்கமான எச்பிவி டெஸ்ட்டும் இல்லை, ஆகவே 'அவரும் போய் டெஸ்ட் எடுக்கட்டும்' என்பதிலும் பயனில்லை.

மூன்று டெஸ்ட்டுகள், மூன்று வெவ்வேறு கேள்விகள்

முகாமில் ஒன்று, தனியார் மருத்துவமனையில் ஒன்று, லேபில் இன்னொன்று என்று எடுப்பதால் மூன்றும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்கிறோம்.

1. விஐஏ. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை (3 முதல் 5 சதவீதம், கிட்டத்தட்ட வினிகர்தான்) கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பது. மாறிய செல்கள் உள்ள இடம் வெளுக்கும். செலவு மிகக் குறைவு, முடிவு அங்கேயே தெரியும், பயிற்சி பெற்ற நர்ஸ் செய்யலாம். ஆனால் பார்ப்பவரின் கண்ணையும் அனுபவத்தையும் பொறுத்தது. மாதவிலக்கு நின்ற பிறகு அந்த வளையப் பகுதி உள்ளே ஒதுங்கிவிடுவதால் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

2. பாப் ஸ்மியர். செல்களைச் சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. கிரேக்கத்தில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த பாப்பனிக்கொலாவின் பெயரால் வந்தது, 1940களிலிருந்து புழக்கத்தில் உள்ளது. 'செல்கள் இப்போது மாறியிருக்கின்றனவா' என்பது அதன் கேள்வி.

3. எச்பிவி டெஸ்ட். செல்களின் தோற்றத்தைப் பார்க்காமல் வைரஸின் மரபணு இருக்கிறதா என்று பார்ப்பது. கோவிட் காலத்தில் எல்லோருக்கும் அத்துப்படியான பிசிஆர் முறைதான் இங்கும் பெரும்பாலும் பயன்படுகிறது.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட கணக்குப்படி, சிஐஎன் 2 அல்லது அதற்கு மேற்பட்ட மாற்றம் உள்ளவர்களில் 96 சதவீதம் பேரை எச்பிவி டெஸ்ட் பிடித்தது, பாப் ஸ்மியர் ஒரே தடவையில் பிடித்தது 53 சதவீதம். அப்படியானால் பாப் ஸ்மியரை மட்டும் வைத்துக்கொண்டு மேலை நாடுகள் எப்படி இந்தப் புற்றுநோயைக் குறைத்தன? திரும்பத் திரும்ப எடுத்துத்தான். நோய் மெதுவாக வளர்வதால் இந்த முறை தப்பியது மூன்று வருடம் கழித்து மாட்டும். அழைப்புக் கடிதம் வீடு தேடி வருகிற நாட்டில் இது சரி. வாழ்நாளில் ஒரு முறை, அதுவும் யாராவது இழுத்துக்கொண்டு போனால் டெஸ்ட் எடுக்கிற நம் ஊர்ப் பெண்ணுக்கு அந்த ஒரு முறையே உருப்படியானதாக இருக்க வேண்டும். எச்பிவி டெஸ்ட்டை இந்தியாவுக்கு வேண்டிய டெஸ்ட் என்று சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை என்பது என் எண்ணம்.

உஸ்மானாபாத் சொன்னது, திண்டுக்கல் சொன்னது

சுவாரசியம் என்னவென்றால், எச்பிவி டெஸ்ட் உயிரைக் காக்கிறது என்பதற்கான மிக வலுவான சான்றுகளில் ஒன்று இந்தியக் கிராமங்களிலிருந்தே வந்தது. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் (இப்போது தாராசிவ்) 30 முதல் 59 வயதுள்ள 1,31,746 பெண்களை, ஊர் ஊராக 52 தொகுதிகளாகப் பிரித்து, நான்கு குழுவாக்கினார்கள். ஒரு குழுவுக்கு எச்பிவி டெஸ்ட், ஒரு குழுவுக்குப் பாப் ஸ்மியர், ஒரு குழுவுக்கு விஐஏ, நான்காவது குழுவுக்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டும். ஒரே ஒரு தடவைதான் டெஸ்ட். அப்புறம் எட்டு வருடம் பின்தொடர்ந்தார்கள். ஆர். சங்கரநாராயணன் தலைமையிலான அந்த ஆய்வு 2009இல் வெளியானது.

எச்பிவி குழுவில் 34,126 பெண்கள். கண்டறியப்பட்ட புற்றுநோய் 127. டெஸ்ட் இல்லாத குழுவில் 31,488 பெண்கள், புற்றுநோய் 118. கிட்டத்தட்ட சமம்தானே, அப்புறம் டெஸ்ட்டால் என்ன லாபம் என்று தோன்றும். அடுத்த எண்ணைப் பார்க்க வேண்டும். முற்றிய நிலையில் கண்டறியப்பட்டவை எச்பிவி குழுவில் 39, டெஸ்ட் இல்லாத குழுவில் 82. இறப்பு 34, அங்கே 64. டெஸ்ட் குழுவில் ஒளிந்திருந்த புற்றுநோய்களெல்லாம் சிறியதாக இருக்கும்போதே வெளியே வந்தன, அதனால்தான் மொத்த எண்ணிக்கை குறையாமலே சாவு பாதியாகக் குறைந்தது. முன்கூட்டியே கண்டறிதல் என்று போஸ்டரில் எழுதுவதற்கு இதுதான் அர்த்தம்.

நெகட்டிவ் வந்தவர்களின் கதை இதைவிட முக்கியம், அதைத்தான் யாரும் பேசுவதில்லை. அந்த எட்டு வருடத்தில், எச்பிவி நெகட்டிவ் வந்தவர்களுக்குப் பின்னால் புற்றுநோய் வந்த வீதம், பாப் ஸ்மியர் நெகட்டிவ் வந்தவர்களைவிடவும் விஐஏ நெகட்டிவ் வந்தவர்களைவிடவும் நான்கில் ஒரு பங்குதான். வைரஸே இல்லை என்றால் அடுத்த பல வருடங்களுக்குக் கவலைப்பட ஒன்றும் இல்லை என்ற உத்தரவாதம் இந்த டெஸ்ட்டில்தான் கிடைக்கிறது.

உஸ்மானாபாத்தில் விஐஏ குழுவிலும் பாப் ஸ்மியர் குழுவிலும் இறப்பு சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. இதை மட்டும் படித்துவிட்டு விஐஏ வீண் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் விஐஏ மட்டும் வைத்து இதே குழுவினர் நடத்திய ஆய்வு 2007இல் வெளியானது. அங்கே டெஸ்ட்டுக்கு அழைக்கப்பட்ட 49,311 பெண்கள் அடங்கிய குழுவில் புற்றுநோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன. திண்டுக்கல்லில் செய்த ஒரு ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும்: பயிற்சி பெற்ற நர்ஸே பார்த்து, வெளுத்திருந்தால் அங்கேயே கால்போஸ்கோப்பியும் (அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது) பயாப்சியும் (சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது) செய்து, பொருத்தமானவர்களுக்கு அதே வருகையில் அந்த இடத்தை உறையவைக்கும் கிரையோ சிகிச்சையும் கொடுத்துவிட்டார். 'அடுத்த வாரம் மாவட்ட மருத்துவமனைக்கு வாங்க' என்ற வாக்கியமே வராத ஏற்பாடு. டெஸ்ட்டின் கூர்மைக்கு எவ்வளவு மதிப்போ அதே அளவு இதற்கும் உண்டு.

இரண்டு ஆய்விலுமே ஒரு குழுவுக்கு டெஸ்ட் கொடுக்காமல் விட்டது நியாயமா என்று பின்னாளில் கடுமையான விமர்சனம் எழுந்தது. அந்தக் கேள்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

இனி அந்த ரிப்போர்ட்

1. 'நாட் டிடெக்டட்' அல்லது நெகட்டிவ். 30 வயதைத் தாண்டிய, எதிர்ப்புச் சக்திக் குறைபாடு இல்லாத பெண்ணுக்கு அடுத்த டெஸ்ட் 5 முதல் 10 வருடம் கழித்துப் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு பரிந்துரை. வருடா வருடம் எடுக்கச் சொல்லும் பேக்கேஜ் உங்கள் பணத்தை வாங்குகிறது, கூடுதல் பாதுகாப்பு எதுவும் தருவதில்லை. எச்ஐவி உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு: 25 வயதில் தொடங்கி, 3 முதல் 5 வருடத்துக்கு ஒரு முறை.

2. 'எச்பிவி 16' அல்லது '18' டிடெக்டட். அபாயம் கூடிய வகைகள். தள்ளிப்போடாமல் கால்போஸ்கோப்பிக்குப் போக வேண்டும். பெயர்தான் மிரட்டும், கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியை வெளியே வைத்துப் பார்ப்பதுதான் அது. சந்தேகப்படும் இடத்திலிருந்து அரிசி அளவு துணுக்கு எடுத்து அனுப்புவார்கள். அந்தப் பயாப்சி ரிப்போர்ட்தான் நோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும், எச்பிவி ரிப்போர்ட் சொல்லாது.

3. 'அதர் ஹை ரிஸ்க்' டிடெக்டட். 16, 18 தவிர்த்த மற்ற வகைகள். இதற்கு அடுத்து ஒரு பாப் ஸ்மியரோ விஐஏவோ செய்து, அதில் மாற்றம் தெரிந்தால் மட்டும் கால்போஸ்கோப்பிக்கு அனுப்புவது ஒரு வழி. மாற்றம் இல்லை என்றால் எச்பிவி டெஸ்ட்டை ஒன்று அல்லது இரண்டு வருடம் கழித்துத் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். அதற்குள் பலருக்கு வைரஸ் தானாகப் போயிருக்கும். கிராமங்களில் இரண்டாவது டெஸ்ட்டுக்கு ஆள் திரும்பி வருவது உறுதியில்லை என்பதால் பாசிட்டிவ் வந்த உடனே பார்த்து, பொருத்தமாக இருந்தால் நேராகச் சிகிச்சை கொடுக்கும் முறையையும் உலக சுகாதார நிறுவனம் ஏற்கிறது.

4. 'இன்வேலிட்'. மாதிரி போதவில்லை அல்லது கெட்டுவிட்டது. வேறு அர்த்தம் எதுவும் இல்லை, திரும்பக் கொடுக்க வேண்டியதுதான்.

உஸ்மானாபாத்தில் எச்பிவி டெஸ்ட் எடுத்த நூறு பேரில் சுமார் பத்துப் பேருக்குப் பாசிட்டிவ் வந்தது. அந்தப் பாசிட்டிவ் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சிஐஎன் 2, 3 கூட இல்லை. ஆகவே பாசிட்டிவ் என்றவுடன் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்து இன்னொரு மருத்துவரைப் பாருங்கள். சிஐஎன் 2, 3 இருந்தாலும் அந்த இடத்தை மட்டும் சூடுபடுத்தி அழிப்பது, கிரையோ, மின்கம்பி வளையத்தால் சீவி எடுக்கும் லீப் என்று கர்ப்பப்பையைத் தொடாத சிகிச்சைகள் உள்ளன. பலர் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். ஒரு வருடம் கழித்து மறுபடி டெஸ்ட் உண்டு, அதை மட்டும் விட்டுவிடக் கூடாது.

வைரஸுக்கு மாத்திரை கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எச்பிவியை விரட்டும் என்று விற்கப்படும் கேப்சூல்களும் லேகியங்களும் நிறைய. ஓரிரு வருடத்தில் தானாகப் போகிற ஒன்றை 'எங்கள் மருந்தால் போனது' என்று சொல்வதைவிடச் சுலபமான வியாபாரம் வேறு இல்லை.

30 வயதுக்கு முன்னால் ஏன் வேண்டாம்

இருபதுகளில் இந்தத் தொற்று மிகச் சாதாரணம், வந்த வேகத்தில் போகும். அந்த வயதில் டெஸ்ட் எடுத்தால் பாசிட்டிவ் குவியும், தேவையில்லாத பயாப்சியும் பயமும் கூடவே வரும். முப்பதுக்கு மேல் பாசிட்டிவ் வந்தால் அது தங்கிவிட்ட வைரஸாக இருக்க வாய்ப்பு அதிகம். எல்லா நாடும் ஒரே வயதை எடுத்துக்கொள்ளவில்லை. 2017 டிசம்பரில் பாப் ஸ்மியரைக் கைவிட்டு எச்பிவி டெஸ்ட்டுக்கு மாறிய ஆஸ்திரேலியா 25 வயதில் தொடங்கி ஐந்து வருடத்துக்கு ஒரு முறை எடுக்கிறது. இலங்கையில் 1996 முதல் இயங்கும் சுகவனிதையர் கிளினிக்குகளில் 35 வயதைக் குறிவைத்துப் பாப் ஸ்மியர் எடுத்தார்கள், பிறகு 45 வயதையும் சேர்த்தார்கள்.

தடுப்பூசி போட்டவர்களுக்கும் இந்த வயதுக் கணக்கு உண்டு. தடுப்பூசி எல்லா ஹை ரிஸ்க் வகைகளையும் தடுப்பதில்லை, ஏற்கெனவே உள்ளே இருக்கும் வைரஸை வெளியேற்றுவதும் இல்லை. 9 முதல் 14 வயதுக்குள், அதாவது வைரஸைச் சந்திப்பதற்கு முன்னாலேயே போடச் சொல்வது அதற்காகத்தான்.

தமிழ்நாட்டில் எங்கே இடிக்கிறது

2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஒரு வருடத்தில் 1,27,000க்கு மேற்பட்ட பெண்களுக்குப் புதிதாக இந்தப் புற்றுநோய் வந்தது, ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21), 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு தடவையாவது கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் 1.9 சதவீதம். தமிழ்நாட்டில் 9.8, மாநிலங்களிலேயே அதுதான் அதிகம். 2007லேயே தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டமாகத் தொடங்கி மாநிலம் முழுக்க விஐஏவைக் கொண்டுபோன மாநிலத்தில் பத்தில் ஒருவர். முதலிடம் என்று பெருமைப்படுவதா, பத்தில் ஒன்பது பேர் விட்டுப்போயிருக்கிறார்கள் என்று வருத்தப்படுவதா? எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது.

ஏன் வருவதில்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. மேசையில் படுத்து, முன்பின் தெரியாதவர் முன்னால் உடை விலக்கி, உள்ளே விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் கருவியை வைக்கவிட வேண்டும். வலி ஒன்றும் இல்லாத பெண் எதற்காக வேலையைப் போட்டுவிட்டு அதற்கு வருவார்? எச்பிவி டெஸ்ட்டின் இன்னொரு சாதகம் இங்கேதான் வருகிறது. வைரஸின் மரபணுவைத் தேடுவதால் கர்ப்பப்பை வாயைப் பார்த்துத்தான் மாதிரி எடுக்க வேண்டும் என்று இல்லை. மெல்லிய பிரஷ் அல்லது பஞ்சு நுனிக் குச்சியைப் பெண்ணே உள்ளே விட்டுச் சுழற்றி எடுத்துக் குப்பியில் போட்டுக் கொடுக்கலாம். பிசிஆர் முறையில் சோதித்தால் மருத்துவர் எடுத்த மாதிரிக்கு ஏறக்குறைய சமமான முடிவு கிடைக்கிறது. ஆஸ்திரேலியா 2022 ஜூலை முதல் எல்லாப் பெண்களுக்கும் இந்த விருப்பத்தைக் கொடுத்துவிட்டது. நம் ஊரில் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை என்று சொன்னால் எத்தனை பேர் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் குப்பி வந்த பிறகுதான் உண்மையான வேலை. முடிவு சில நாள் கழித்து வரும், பாசிட்டிவ் வந்தவரைப் போன் செய்து கூப்பிட வேண்டும், அந்த எண் கணவருடையதாகவோ மகனுடையதாகவோ இருக்கும், விஷயத்தை யாரிடம் எப்படிச் சொல்வது என்று நர்ஸ் திணறுவார், கால்போஸ்கோப்பி இருக்கும் ஊருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், ஒரு நாள் கூலி போகும். திண்டுக்கல்லில் ஒரே வருகையில் முடிந்த சங்கிலி இங்கே நான்கைந்து துண்டாகிறது. எத்தனை டெஸ்ட் எடுத்தோம் என்ற எண்ணோடு, பாசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேர் சிகிச்சை வரை போனார்கள் என்ற எண்ணையும் எந்த முகாம் அறிக்கையிலும் கேட்டு வாங்க வேண்டும். 2030க்குள் 70 சதவீதப் பெண்களுக்கு 35 வயதுக்குள் ஒரு முறையும் 45க்குள் இன்னொரு முறையும் டெஸ்ட் என்று இலக்கு வைத்த உலக சுகாதார நிறுவனம், பாதிப்பு கண்டறியப்பட்டவர்களில் 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சை என்றும் கூடவே எழுதியிருக்கிறது.

அறிகுறி இருந்தால் இந்தக் கட்டுரை பொருந்தாது

மேலே சொன்னதெல்லாம் எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்ணுக்கு. உறவுக்குப் பிறகு ரத்தம், இரண்டு மாதவிலக்குக்கு நடுவே ரத்தம், மாதவிலக்கு நின்று வருடக்கணக்கான பிறகு திடீரென ரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் என்று ஏதாவது இருந்தால் எச்பிவி டெஸ்ட் எடுத்து முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். பெண் மருத்துவரிடம் போய் ஸ்பெகுலம் வைத்து நேரடியாகப் பார்க்கச் சொல்ல வேண்டும், தேவைப்பட்டால் அன்றே பயாப்சி எடுப்பார். போன வருடம் வந்த நெகட்டிவ் ரிப்போர்ட் பீரோவில் இருந்தாலும் சரி, அதைக் காரணம் காட்டி இந்தப் பயணத்தைத் தள்ளிப்போடக் கூடாது.